காற்றடிக்கும் சனிக்கிழமைகளில் வெர்லின்

எங்கள் மலை மாவட்டத்தில் குறி தவறிச் சுட்டவன் எவனும் இல்லை. தவறியதெல்லாம் காற்றின் வேலை. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் எல்லாப் பாவத்தையும் ஒப்புக்கொள்கிற மனிதர்கள், முந்தின நாள் மரக்கட்டைக்குப் பின்னால் குப்புறப் படுத்திருந்தபோது மட்டும் ஒரு குற்றமும் அறியாதவர்கள்.

மாதம் ஒரு சனிக்கிழமை, அறுத்த மாட்டின் கறியைப் பரிசாக வைத்துப் போட்டி நடக்கும். கனத்த ரைஃபிளைக் கட்டைமேல் கிடத்தி, அறுபது கஜத்தில் நிற்கும் பலகையின் பெருக்கல் குறியைச் சுட வேண்டும். குழல்வாயில் மருந்து கொட்டிக் கெட்டிக்கும் துப்பாக்கி என்பதால் ஒவ்வொரு வெடிக்கும் எழுந்து, கெட்டித்து, மறுபடி படுக்க வேண்டும். பத்து வெடி. குறியிலிருந்து ஒவ்வொரு துளையும் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று நூல் பிடித்து அளந்து கூட்டுவார்கள். மொத்த நூல் யாருக்குக் குட்டையோ அவருக்கு மாட்டின் முதல் பின்தொடை. ஐந்தாமவருக்குத் தோலும் கொழுப்பும். அதை வாங்கிப் போகிறவர் கிறிஸ்துமஸ் வரைக்கும் காற்றைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்.

வெர்லின் ஸ்டூக்ஸ்பரி காலையிலும் மாலையிலும் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவன். நடுவில் தேவாலயத்தைக் கூட்டித் துடைக்கிறான். இரவில் மாமனார் கூப்பிடக் கூப்பிட எழுந்து தண்ணீர் கொடுக்கிறான். ஊரில் பம்பு கெட்டாலும், மரம் அறுக்கும் மிஷின் கெட்டாலும், யார் வீட்டுக் கல்யாணம் கெட்டாலும் அவனுக்குத்தான் போன் வரும். அவனைக் கூப்பிட முடியாத இடம் உலகத்தில் ஒன்றே ஒன்று, அந்தக் கட்டைக்குப் பின்பக்கம். கெட்டித்த துப்பாக்கியோடு காற்று அடங்கக் காத்திருப்பவனிடம் பேச்சுக் கொடுப்பது எங்கள் பக்கம் பெரிய மரியாதைக்கேடு.

இதை அவன் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தான். சில வருஷங்களுக்கு முன் காற்று எழும்பிய ஒரு மத்தியானம், மருந்தைப் பற்றவைக்கும் வெடிமூடியை இன்னும் மாட்டாத துப்பாக்கிமேல் கன்னத்தை வைத்தவன் அப்படியே தூங்கிவிட்டான். கண் விழித்தால் பின்னால் ஒரு கூட்டம். "என்ன பொறுமை பாருய்யா" என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள். அன்று முதல் காற்று பார்ப்பதற்கு வெர்லின்தான் என்று ஆயிற்று. பக்கத்துக் கட்டையில் கிடந்த எனக்குக் குறட்டை கேட்டது. அது என் சமாச்சாரம் இல்லை.

காற்றடித்தால் எல்லார் முகமும் விழும். வெர்லின் முகம் மட்டும் மலரும். இலைகூட அசையாத நாளில், "ஓடைப் பக்கம் லேசா சுருட்டுது" என்பான். எல்லாரும் ஓடையைப் பார்த்துத் தலையாட்டுவார்கள். தனக்குத் தெரியவில்லை என்று சொல்லும் துணிச்சல் யாருக்கும் கிடையாது.

செப்டம்பர் போட்டியில் அவன் பத்தாவது வெடியைப் போடுவதற்குள் பாதிப் பேர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பியிருந்தார்கள். போட்டியை நடத்துகிற ஹாய்ட் லெட்பெட்டர் அவன் மனைவிக்கு அண்ணன். "மாப்ள, நீ காத்து நிக்கக் காத்திருக்கியா, இல்ல பனி விழக் காத்திருக்கியா?" என்று கேட்டுவிட்டு, இனி ஆளுக்கு அரைமணி நேரம்தான் என்று ஒரு தீர்மானம் போட்டான். அடுத்த போட்டி முடிந்ததும் கை தூக்கி முடிவு செய்வதாக ஏற்பாடு.

மாதத்தில் வெர்லின் நிம்மதியாகப் படுத்துக் கிடப்பது அந்த ஒரு மத்தியானம். தீர்மானம் தோற்க ஒரே வழி, காத்திருந்தால்தான் ஜெயிக்க முடியும் என்று காட்டுவது. அதற்கு அவன் நிஜமாகவே காற்றைப் பார்க்க வேண்டும்.

அக்டோபரில் மலை இடுக்கு வழியாக இடப்பக்கமிருந்து நல்ல காற்று. மற்றவர்கள் காற்றுப் பார்க்கப் பலகையருகே கட்டியிருந்த துணிக்கீற்றையே முறைத்தார்கள். வெர்லின் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. குழல்வாய்க்குப் பக்கத்தில் அடிக்கிற காற்று குண்டை முதலிலேயே தள்ளிவிடும், குண்டு அந்தத் தள்ளலைக் கடைசிவரை சுமந்துகொண்டு போகும், பலகையருகே அடிக்கிற காற்றுக்கு அவ்வளவு நேரம் கிடைக்காது என்பது, அத்தனை வருஷம் புல்லில் கிடந்ததில் அவனுக்குத் தெரிந்திருந்தது. பலகைக்கு நடந்துபோய், குறிபார்க்க அவரவர் இஷ்டத்துக்கு அடித்துக்கொள்ளும் வெள்ளைக் காகிதத்தைப் பெருக்கல் குறிக்கு இரண்டு விரற்கடை இடப்பக்கம் தள்ளி ஆணியடித்தான். காகிதத்தைப் பார்த்துச் சுட வேண்டியது. குறியில் கொண்டு சேர்ப்பது காற்றின் பொறுப்பு. ஆனால் பத்து வெடிக்கும் அதே காற்று வேண்டும்.

அதற்காகக் காத்திருந்தான், தூங்காமல். கட்டைக்கு முன்னால் புல் நுனி எவ்வளவு சாய்கிறது, பக்கத்து ஆள் சுட்ட புகை எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டே கிடந்தான். ரொம்ப நேரம் விட்டால் குழலுக்குள் மருந்துக் கரி இறுகி, அடுத்த குண்டு இறங்காது. எழுந்து துடைத்தான், கெட்டித்தான், முழங்கால் முனக மறுபடி படுத்தான். அளந்து பார்த்தபோது அவன் நூல்தான் குட்டை. ராத்திரி முழுக்கப் பேருந்து ஓட்டியவனைப்போலச் சிவந்த கண்ணோடு பின்தொடையைத் தோளில் தூக்கிப் போனான். தீர்மானத்துக்கு ஹாய்ட்டின் கை மட்டும் எழுந்தது.

நவம்பரில் ஒருவரும் சுடவில்லை. எல்லாரும் வெர்லின் மாதிரிக் காத்திருந்தார்கள். அதுவும் அவரவர் கட்டையை அவன் கட்டைக்கு ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டு.

"வெர்லின், இப்பச் சுடலாமா?"

"அந்தப் புல்லு ஆடுதே, அது நல்ல ஆட்டமா?"

மரியாதைக்கேட்டையெல்லாம் மறந்துவிட்டார்கள். கண்ணை மூடினால் ஹாய்ட் வந்து பூட்ஸைத் தட்டினான். தன் காகிதம் சரியாக இருக்கிறதா என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமாம். வெர்லின் மெல்ல எழுந்து நின்று, அரைமணி நேரத் தீர்மானத்தை இப்போது தானே கொண்டுவருவதாகச் சொன்னான்.

"நீயா சொல்றே, மாப்ள?"

"நான்தான். காத்தப் பாத்துப் பாத்து அலுத்துப்போச்சு."

கூட்டம் உருகிவிட்டது. நமக்கும் ஒரு தொடை கிடைக்கட்டும் என்று தன் திறமைக்குத் தானே கால்கட்டுப் போட்டுக்கொள்கிறானாம். இப்படிப்பட்ட மனிதனின் தியாகத்தை ஏற்பதா? ஒரு கைகூட எழவில்லை. இந்த முறை ஹாய்ட்டின் கையும் கீழேதான்.

வெர்லின் மறுபடி படுத்தான். படுத்த உடனே வலப்பக்கத்து ஆள் கேட்டான், காற்று எப்படியென்று.

"தெரியலப்பா" என்றான் வெர்லின்.

இப்படி ஒரு பதிலை அந்த மைதானம் கேட்டதே இல்லை. ஹாய்ட் எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டான்.

"இவனுக்கே தெரியலைன்னா இன்னிக்கு இது சுடற காத்து இல்ல. வாங்கப்பா, காப்பி குடிச்சிட்டு வரலாம்."

ஒவ்வொருவராக எழுந்து நெருப்பு மூட்டியிருந்த இடத்துக்குப் போனார்கள். நானும் போனேன். அங்கே காற்று வரவர மோசமாகிக்கொண்டு வருவதைப் பற்றி நல்ல சூடான பேச்சு நடந்தது. கோப்பைகளின் ஆவி நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. கட்டைக்குப் பின்னால் ஒரே ஒரு ஜோடி பூட்ஸ் தெரிந்தது, அசையாமல்.