சட்டி இருக்கா, அச்சு இருக்கா

திருப்பரங்குன்றத்து மாடி வீட்டுக்குக் குடிவந்து வருஷக்கணக்காகியும், கண் விழித்ததும் முத்துமீனாவுக்கு எந்த ஊர் என்று தெரிவதில்லை. படுத்தபடியே காதைத் தீட்டிக்கொள்வாள். தெருவில் கூவுகிறவர் தெலுங்கில் கூவினால் குண்டூர், கன்னடமென்றால் ஹூப்ளி, மராத்தியென்றால் சோலாப்பூர். "யக்கா, கீரை வேணுமா?" என்று கேட்டதும், அப்பாடா, நம்ம மதுரைதான்! அதற்குள் பாதிக் கனவு கலைந்திருக்கும். மீதி, ஏதாவது ஒரு மொழியில் பாட்டாகத் தொண்டையில் நிற்கும்.

நிற்காமல் என்ன செய்யும்? பிறந்தது டி. கல்லுப்பட்டி. வளர்ந்ததெல்லாம் அப்பா பேயாண்டி முறுக்குச் சட்டி வைத்த ஊர்கள். நம் பக்கத்து ஆட்கள் வடக்கே போய் முறுக்குப் போட்டுப் பிழைப்பது ஊரறிந்த சங்கதிதானே. வியாபாரம் மந்தமானால் பேயாண்டி மூட்டையைக் கட்டிவிடுவார். பள்ளிக்கூடத்தில் ஒரு பாஷை வாய்க்குள் நுழைவதற்குள் அடுத்த ஊர் வந்துவிடும். எண்ணெய்ப் புகைக்கு நடுவே அந்தப் பிள்ளை அக்கம்பக்கத்துப் பாட்டையெல்லாம் பொறுக்கிக்கொண்டது. இன்று மூன்று மொழியில் தானே எழுதி, தானே மெட்டுப் போட்டுப் பாடுகிறாள். யூடியூபில் எங்கெங்கோ இருப்பவர்கள் கேட்டு உருகுகிறார்கள்.

பெற்றவளுக்குத்தான் ஒரு வரி புரியாது. பேச்சியம்மா அத்தனை ஊர் சுற்றியும் தமிழைத் தவிர ஒன்றையும் நாக்கில் ஏற்றிக்கொள்ளாத மகராசி. "நல்லாத்தான் பாடுற. என்ன சொல்றன்னுதான் வெளங்கல" என்பாள். முத்துமீனாவுக்கு அது சுருக்கென்று தைக்கும். இப்போது மதுரையில் ஒரு சின்ன அரங்கில் கச்சேரி. முதல் தடவையாக அம்மா நேரில் வந்து கேட்கப் போகிறாள். அவளுக்குப் புரிகிற மாதிரி ஒரே ஒரு தமிழ்ப் பாட்டு வேண்டும். பாட்டு வந்தால்தானே!

"என்னக்கா, தாய்மொழியில ஒண்ணு எழுத வராதா?" என்று சீண்டினான் கிட்டார் வாசிக்கிற டோனி.

"எங்க வீட்டுல தமிழுன்னா வசவும் மூட்டை கட்டுறதுந்தான்டா" என்று சிடுசிடுத்தவள், சட்டென்று வாயை மூடிக்கொண்டாள்.

மூட்டை கட்டுவது! ஒவ்வொரு ஊரைவிட்டுக் கிளம்பும்போதும் பேச்சியம்மா காலி வீட்டு வாசலில் நின்று ஒவ்வொன்றாகக் குரல் கொடுப்பாள். லாரியில் சாமான்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் முத்துமீனா தொட்டுப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். சட்டி? இருக்கு. அச்சு? இருக்கு. சாமி படம்? இருக்கு. கடைசியில், "ஒங்கப்பா?" டிரைவர் பக்கத்திலிருந்து பேயாண்டியே, "இருக்கேன், இருக்கேன்!" என்று கத்துவார். அப்புறம்தான் வண்டி நகரும்.

சோலாப்பூரில் மாரடைப்பு அவரைக் கொண்டுபோனது. ஊர் திரும்பக் கிளம்பிய அன்றும் பேச்சியம்மா அதே மாதிரி குரல் கொடுத்தாள். சாமி படம் முடிந்ததும், பழக்கதோஷம், "ஒங்கப்பா?" என்று வாய் கேட்டுவிட்டது. பாவி மனுஷி! அப்படியே வாசலில் சரிந்து உட்கார்ந்துவிட்டாள். அன்றிலிருந்து வீட்டில் அவர் பேச்சை யாரும் எடுப்பதில்லை.

முத்துமீனா அந்தக் குரலையே பாட்டாக்கினாள். அப்பாவை மட்டும் விட்டுவிட்டாள். சபையில் அம்மாவை அழவைக்க அவளுக்கு மனசு வரவில்லை.

அன்று மாலை அரங்கில் விளக்குகள் மங்கின. மேடையே ஓடுகிற லாரி மாதிரி லேசாக ஆடியது அவளுக்கு. "சட்டி?" என்று பாடினாள். "இருக்கு!" என்றது கூட்டம், சொல்லிக்கொடுத்தபடி. "அச்சு?" "இருக்கு!" முன்வரிசையில் பேச்சியம்மாவின் உதடும் அசைந்தது. புரிகிறது, அம்மாவுக்குப் புரிகிறது! "சாமி படம்?" "இருக்கு!" முத்துமீனா அவசரமாக அடுத்த அடிக்குத் தாவினாள். "வண்டிய எடுப்பா, வண்டிய எடு..."

"ஏய், நில்லுடி!" பேச்சியம்மா எழுந்தே நின்றுவிட்டாள். "ஒங்கப்பாவ விட்டுட்டு எங்கிட்டுடி கெளம்புற?"

டோனியின் கை நின்றது. முத்துமீனா மெட்டே இல்லாமல் கேட்டாள்.

"அப்பா?"

கூட்டம் வாயைத் திறப்பதற்குள் பேச்சியம்மா முந்திக்கொண்டாள்.

"இருக்காரு. இப்ப எடு வண்டிய."