மூன்றாவது படம்

அண்ணன் சவூதிக்குக் கட்டட வேலைக்குப் போன இரண்டாம் வருடம் அவனிடமிருந்து போன் வருவது நின்றது. திருப்போரூரில் வளையல் கடை வைத்திருந்த அத்தா, அவனை அனுப்பிய ஏஜெண்டைத் தேடிப் போனார். அலுவலகம் பூட்டிக் கிடந்தது.

எட்டு மாதம் கழித்து, சவூதியிலிருந்து திரும்பிய ஒருவர் ஒரு இணைய முகவரியை எழுதிக் கொடுத்தார். ஆஸ்பத்திரிகளில் அடையாளம் தெரியாமல் கிடக்கும் நம் ஆட்களின் படங்களை அங்குள்ள தமிழர்கள் அதில் போடுகிறார்களாம். நான் அப்போது செங்கல்பட்டில் கல்லூரி படித்துக்கொண்டிருந்தேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டருக்கு அம்மாவை அழைத்துப் போனேன். அத்தா வரமாட்டேன் என்றுவிட்டார்.

முதல் இரண்டு படங்களில் இருந்தது அண்ணன் இல்லை. மூன்றாவது படம் வரவேண்டிய இடத்தில் பழுப்பும் கறுப்புமாகக் கட்டம் கட்டமாக ஏதோ தெரிந்தது.

"இன்னாப்பா இது?" என்றாள் அம்மா.

"லைன் ஸ்லோவா கீதும்மா," என்றார் கடைக்காரர். "மொதல்ல கலங்கலாத்தான் வரும். போகப் போகத் தெளிஞ்சிடும்."

அம்மா திரையருகே குனிந்தாள். "இவன்தான். தலைய சாச்சிகினு படுத்துகினு கீறான் பாரு. சின்னதுலருந்தே இப்படித்தான் தூங்குவான்."

எனக்கும் அவனாகத்தான் தெரிந்தது. அம்மா முக்காட்டு நுனியை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். "உயிரோட கீறான்ல, அது போதும். கை கால் வரலன்னாலும் நான் பாத்துக்குவேன்."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எழுந்து போய் அத்தாவுக்குப் போன் செய்யலாமா என்றுகூட யோசித்தேன்.

படம் தெளிந்தது. நரைத்த மீசையோடு, ஐம்பது வயதிருக்கும் ஒருவர். பேச்சில்லை, தமிழில் கூப்பிட்டால் கண் திறக்கிறார் என்று கீழே எழுதியிருந்தது.

அம்மா கையை உருவிக்கொண்டாள். மீதிப் படங்களையும் பார்த்து முடித்தோம். எழுந்த பிறகு, "அந்த மூணாவது ஆள திரும்பக் காட்டு," என்றாள். வெகு நேரம் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இவரு வூட்டுக்கு யாராச்சும் சொல்லியிருப்பாங்களா?"

"தெரியலம்மா."

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கமே முகத்தை வைத்திருந்தாள். அதற்குப் பிறகு அவள் வரவில்லை. மாதம் ஒருமுறை நான் மட்டும் போனேன். ஒவ்வொரு படமும் தெளியும்வரை குனிந்து மடியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு வருடம் கழித்து அந்த இணையப் பக்கம் திறப்பதே நின்றுபோனது. அண்ணன் இன்றுவரை வரவில்லை.