முந்திக்கொள்ளும் கை

காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்திக் கணக்கப்பிள்ளை வேலை பிரிக்கும்போது, அவர் கேட்டு முடிப்பதற்குள் ஆண்டியப்பனின் கை மேலே போய்விடும். "யாருடா அந்தக் குளவிக்கூட்ட..." என்று அவர் வாயெடுத்தாரோ இல்லையோ, "நானுங்க!" மூஞ்சி வீங்கி வீட்டுக்கு வந்தவனைப் பார்த்து மனைவி பூரணி கேட்டாள்: "என்ன வேலைன்னு முழுசா கேக்க மாட்டியாய்யா?"

"கேக்குறதுக்குள்ள கை போயிருச்சு புள்ள. நான் எங்க தூக்குனேன்?"

கை என்னவோ அடுத்த லயத்து வீட்டுக்காரனுடையது மாதிரிப் பேசுவான். இலங்கை மலைநாட்டில், லிந்துலைப் பக்கத்து அந்தத் தேயிலைத் தோட்டத்தில் அவனைப்போல உழைப்பாளி கிடையாது. ஆனால் அவன் கையும் மூளையும் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள். தோட்டத்து டாக்டரய்யா வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்தார். பூச்சி போயிற்று, கை அடங்கவில்லை.

பூரணியே வைத்தியத்தில் இறங்கினாள். பத்து வரை எண்ணச் சொன்னாள். "ஒண்ணு, ரெண்டு, பத்து!" என்று முடித்துவிட்டான் பாவி. இரண்டு கையாலும் மண்வெட்டியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். மண்வெட்டியும் சேர்ந்தே உயர்ந்தது. கணக்கப்பிள்ளையின் தொப்பி பறந்தது. கடைசியில், "கேட்டதைத் திருப்பிச் சொல்லு. அப்புறமா கையைத் தூக்கு" என்று அடுப்படியில் வைத்துப் பழக்கினாள்.

"ரொட்டி வேணுமா?"

"ரொட்டி வேணுமான்னு கேக்குற. வேணும்."

வீட்டில் நன்றாகத்தான் வந்தது.

எழுபத்துமூன்றில், மாவுக்கும் வரிசையில் நின்ற அந்த வருடத்தில், தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் ஒருநாள் காகிதத்தோடு பெரட்டுக்கு வந்தார். "இந்தியாவுக்கே திரும்பிப் போயிர மனுப் போடுறவங்க கை தூக்குங்க. பேரு எழுதிட்டா அப்புறம் மாத்த முடியாது."

பெண்கள் வரிசையில் நின்ற பூரணி எட்டி ஆண்டியப்பனின் கையைப் பார்த்தாள். அங்கே அவளுக்கு யார் இருக்கிறார்கள்? பிறந்தது இங்கே. மூத்த பிள்ளையைப் புதைத்தது இந்த மலையில். இவன் கை ஒரு தடவை உயர்ந்தால் குடும்பமே கப்பலேற வேண்டியதுதான்.

கை கிளம்பிவிட்டது. தோளைத் தாண்டியது. பாழாய்ப்போன கை! அப்போதுதான் அவன் உதடு அசைவதைக் கண்டாள். கேட்டதைத் திருப்பிச் சொல்கிறான். காதருகே வந்த கை அப்படியே நின்றது. அவன் திரும்பி, பெண்கள் வரிசையில் அவளைத் தேடினான். வேண்டாம் என்று பூரணி தலையை ஆட்டினாள்.

"என்னய்யா, பேரு எழுதவா?" கிளாக்கர் பேனாவைத் திறந்தார்.

"இல்லீங்கய்யா. பேன் கடிக்குது."

கிளாக்கர் அடுத்த வரிசைக்குப் போகும்வரை, ஒரு மயிர்கூட இல்லாத வழுக்கைத் தலையைப் பரட் பரட்டென்று சொறிந்துகொண்டே நின்றான் ஆண்டியப்பன்.