சிவப்பு வட்டத்துக்குள் ஒரு வாரம்

அந்த மெய்ப்புத் தாள் இப்போதும் என் மேசை இழுப்பறையில்தான் கிடக்கிறது. ஓரமெல்லாம் பழுத்துவிட்டது. நடுவில் ஏழு வரிகளைச் சுற்றி இழுத்த சிவப்புப் பென்சில் வட்டம் மட்டும் நேற்றுப் போட்டதுபோல இருக்கிறது. வேறெதையோ தேடித் திறந்தாலும் கண் அங்கேதான் போய் நிற்கும். சட்டென்று மூடிவிடுவேன்.

வட்டம் போட்டவர், சிவகாசியில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கும் அக்கா. எங்கள் கல்லூரி ஆய்விதழ் அங்கேதான் அச்சாகிறது. காலண்டர் சீசன் முடிந்து இயந்திரங்கள் ஓய்ந்த பிறகுதான் எங்களுக்கு இடம் கிடைக்கும். தினசரி காலண்டரில் ஒரு தேதி இரண்டு முறை வந்துவிடாமல் பார்ப்பதே ஆண்டில் பாதி நாள் அக்காவுக்கு வேலை. ஆங்கிலக் கட்டுரை அவருக்குப் பிடிபடாது, ஆனால் எண்கள் தப்பாது. ஸ்கேலை வரி வரியாக நகர்த்தி, உதடு அசையப் படிப்பார்.

என் கட்டுரை, ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறையின் ஈரப்பதத்தைப் பற்றியது. காற்று காய்ந்துபோனால் துணி உரசினாலே பொறி பறக்கும். அந்த அறைக்கு ஒரு பொறி போதும். வேலையாட்களின் வேனில் தொற்றிக்கொண்டு போய்த் தினமும் அளந்து குறித்தேன். இடையில் மைத்துனன் கல்யாணத்துக்காக ஒரு வாரம் தூத்துக்குடியில் தங்கிவிட்டேன். திரும்பி வந்ததும், முந்தைய வாரத்து எண்களையே அந்த வாரத்துக்கும் எழுதினேன். முந்தைய வாரம் நல்ல மழை; நான் இல்லாத வாரமோ மண்டையைப் பிளக்கும் வெயில். யார் பார்க்கப் போகிறார்கள் என்ற திமிர்தான், வேறென்ன?

அக்கா பார்த்துவிட்டார். “கோவிச்சுக்கிடாதீக சார். இந்த ஏழு நாளும் மேல இருக்க ஏழு நாளும் ஒண்ணு போலயே இருக்கு. வெயிலும் மழையும் நாம அச்சடிக்கிற மாதிரியா வரும்?” என்றார்.

“கருவி காட்டுனது அதுதான்க்கா” என்றேன்.

“நீங்க சொன்னா சரி சார். காலண்டர்ல இப்படி வந்தா அம்புட்டையும் எடைக்குல்ல போடணும்.” அவ்வளவுதான், ஸ்கேலை அடுத்த வரிக்கு நகர்த்திவிட்டார்.

கட்டுரை வந்தது. இணையத்திலும் ஏறியது. அதை யார் யாரோ மேற்கோள் காட்டத் தொடங்கினார்கள். காலையில் பல் துலக்குமுன் கைபேசியில் அந்த எண்ணிக்கையைப் பார்ப்பது எனக்கு வழக்கமாயிற்று. பத்தைத் தொட்ட அன்று ஆசிரியர் அறையில் எல்லாருக்கும் சாத்தூர் சேவு வாங்கிக் கொடுத்தேன். இன்று அந்த இதழுக்கு நானே ஆசிரியர். பேராசிரியர் பதவிக்கு என் விண்ணப்பம் குழுவின் முன் இருக்கிறது, அந்தக் கட்டுரையைக் கழித்தால் புள்ளிகள் எட்டாது.

போன மாதம் ஓர் ஆய்வு மாணவி மின்னஞ்சல் அனுப்பியிருந்தாள். கலவை அறையை எந்த நாட்களில் மூட வேண்டும் என்று ஆலைகளுக்கு ஒரு பரிந்துரை தயாரிக்கிறாளாம். அதற்கு என் அட்டவணைதான் ஆதாரமாம். நான் ஊரில் இல்லாத அந்த வாரம் வரும் பருவத்தில் காற்றில் ஈரம் போதுமான அளவு இருப்பதால் அறையை மூடத் தேவையில்லை என்று எழுதி, நன்றியும் சொல்லியிருந்தாள். நான்கு நாள் பதில் போடவில்லை. வகுப்பில் நிற்க முடியவில்லை, வீட்டில் உட்கார முடியவில்லை. அச்சங்குளம் வழியாகப் பேருந்தில் போகும்போது எதிரே வந்த ஆலை வேனில், ஜன்னலோரம் தூங்கி வழிந்த பெண்களின் முகங்களைப் பார்க்கப் பயமாக இருந்தது.

ஐந்தாம் நாள் அவளுக்கு எழுதினேன்: “அந்த அட்டவணையை நம்ப வேண்டாம், காரணம் இதழில் வரும்.” பிறகு, கட்டுரையைத் திரும்பப் பெறும் அறிவிப்பைத் தமிழிலேயே எழுதி அச்சகத்துக்கு அனுப்பினேன். ‘ஒரு வாரத்து அளவுகள் தவறுதலாக மறுமுறை இடம்பெற்றுவிட்டன.’ பதவி போனாலும் போகட்டும், பாரம் இறங்கிவிட்டது என்று அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

நேற்று அதன் மெய்ப்பு வந்தது. எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. ஒரே ஒரு சொல்லைச் சுற்றி மட்டும் சிவப்பு வட்டம்: ‘தவறுதலாக’.

இழுப்பறையைத் திறந்து பழைய தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அதே பென்சில், அதே அழுத்தம். வெகுநேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அந்தச் சொல்லை அடித்துவிட்டு, அதன் மேலே ‘தெரிந்தே’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.