வெள்ளத்தாயின் பால்கேன்

சோழபுரத்தில் வெள்ளத்தாய் கேன் தேய்க்கிற சத்தத்துக்குக் கோழிகூட ஒதுங்கிப் போகும். செங்கல் பொடி, தேங்காய் நார், தோள்பட்டை வரை உள்ளே விட்ட கை. அவள் கேனில் முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம் என்று பேர். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாக் கடைக்காரர் சுப்புராஜ் அந்தப் பேருக்காகத்தான் அவளிடம் பால் வாங்கினார்.

தொண்ணூற்று மூன்று சித்திரையில் அந்தப் பால் திரிய ஆரம்பித்தது. வாணலியில் கொதி வந்ததும் கட்டி கட்டியாகப் பிரிந்தது.

“இனியும் இப்படி வந்தா வேற ஆளப் பாத்துக்கிடுவேன் ஆத்தா,” என்றார் சுப்புராஜ்.

வீட்டுக்கு வந்தவள் கேனைப் பார்க்கவில்லை, மருமகளைப் பார்த்தாள். பெத்தம்மாள் வாக்கப்பட்டு வந்து ஆறு மாசம்கூட ஆகவில்லை. புருஷன் மாரிசாமி பட்டாளத்தில், அசாம் பக்கம்.

“ஏட்டி, தீட்டோட கேனத் தொட்டியா?”

“இல்ல அத்தை. ஒதுங்கித்தான உக்காந்திருந்தேன்.”

“பொறவு பாலு தானாவா திரியுது?”

மறுநாளே பெத்தம்மாளைப் பிளவக்கலில் இருந்த பிறந்த வீட்டுக்கு அனுப்பியாயிற்று. வெள்ளத்தாய் கேனை முன்னைவிட அழுத்தித் தேய்த்தாள். பால் முன்னைவிடச் சீக்கிரம் திரிந்தது.

கடைசியில் பால் சொசைட்டியில் சோதனை பார்க்கிற சோலைராஜ் கேனுக்குள் டார்ச் அடித்து, அடியை நகத்தால் சுரண்டினார். வழவழவென்று ஏதோ வந்தது.

“கிருமி கட்டுன வீடு இது. தன் ஒடம்புலருந்தே புரதத்துல நூல் விட்டு, ஒண்ண ஒண்ணு கட்டிக்கிட்டு ஒட்டிக்கிடும். வெந்நிக்கெல்லாம் லேசுல போவாது.”

“நான் நல்லாத்தான தேய்க்கேன்?”

“செங்கப்பொடி போட்டு நீங்க கீறுன கோட்டுலதான் அது குடியிருக்கு.”

அந்த நூல் அமிலாய்டு என்ற வகைப் புரதம் என்று படித்தவர்கள் கண்டுபிடிக்கவே இன்னும் பத்து வருஷம் கிடந்தது. மனுசன் மூளையில் படிந்தால் அது நோய். கிருமிக்கோ அதுதான் கயிறு, அதுதான் சுவர். வெள்ளத்தாய்க்கு அம்புட்டும் தேவைப்படவில்லை. தன் கைதான் என்று தெரிந்ததே போதுமாக இருந்தது.

புதுக் கேன் வாங்கினாள். பால் திரியவில்லை. அன்றைக்கே பிளவக்கல் போனாள்.

பெத்தம்மாள் உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள். மரியாதையில் ஒரு குறையும் இல்லை.

“கேன மாத்திட்டேன் தாயி. உம்மேல தப்பு இல்ல. வா, போவோம்.”

“கேன மாத்திட்டீக, சரி. நாளைக்கு மாடு செத்தா யார அனுப்புவீக அத்தை?”

வெள்ளத்தாய் தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

பஸ் நிற்கிற இடம்வரை பெத்தம்மாள் கூடவே வந்தாள். அத்தையின் கையைப் பிடித்துப் பதனமாக ஏற்றிவிட்டாள். தான் ஏறவில்லை.