அக்கா வீட்டுக்காரரின் விமானம்

எங்கள் விமானம் முதன்முதலில் விழுந்தது, காலையில் யாரோ வறண்ட ஏரிக்குள் வெளிக்கு இருந்துவிட்டுப் போன இடத்தில். வெள்ளைத் தெர்மாகோல் மூக்கும் அதன் விசிறியும் அதில் புதைந்து நின்றன. அக்கா வீட்டுக்காரர் பத்தடி தள்ளி நின்று, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, “நீ போய் எடும்மா, எனக்கு இதெல்லாம் ஒத்துக்காது” என்றார். எடுத்தேன். கரையோரப் பம்புசெட்டில் கழுவினேன். தண்ணீரில் போய்விடுகிற அருவருப்பு அது. போகாததைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆண்டுகள். ஆரணியில் அவருடைய பட்டுக்கடை மாடியில் நான் கம்ப்யூட்டரில் புடவைக்குப் பார்டர் டிசைன் போட்டுக்கொண்டிருந்தேன். மாமா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். சென்னைக்குச் சரக்கு கொண்டுபோனவர் ஒருமுறை ரிமோட் விமானம் ஒன்றை வாங்கி வந்தார். அதைக் கையால் வீசிவிட ஒருவர் வேண்டும், ரிமோட்டைப் பிடிக்க ஒருவர் வேண்டும். வீசுவதுதான் பெரிய வேலை என்று நினைத்து அதை அவர் எடுத்துக்கொண்டார். அதனால் ஓட்டுவது எனக்கு வாய்த்தது. கோடையில் வறண்டு கிடந்த ஏரிதான் எங்கள் மைதானம். ஒரு பக்கம் சாயப்பட்டறைத் தண்ணீர் ஊதாவும் சிவப்புமாகத் தேங்கி நாறும். மறுபக்கம் கருவேல முள்காடு. அதைத் தாண்டினால் காலனி.

புதிதாக ஓட்டுகிறவர்களை ஏமாற்றுவது ஒன்றுதான். விமானம் நம்மைவிட்டுப் போகும்வரை வலது வலதாகவே இருக்கும். நம்மை நோக்கித் திரும்பியதும் எல்லாம் மாறிவிடும். இடது பக்கம் போகட்டும் என்று ரிமோட்டின் குச்சியைத் தள்ளினால் அது வலது பக்கம் சாய்ந்து மண்ணில் குத்தும். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். அது வரும்போது உடம்பைத் திருப்பி, அது போகிற திசையிலேயே நானும் நின்றுகொண்டு, தோளுக்கு மேல் அதைப் பார்ப்பேன். குச்சியை அதிகம் அசைக்கக் கூடாது. விரல் பதறினால் விமானமும் பதறும். உடைந்த இடங்களில் ஒட்டுத்தாள் சுற்றிச் சுற்றி இறக்கையே தெரியாமல் போன ஒரு மாலையில், முள்காட்டின் மேல் வட்டமடித்து வந்து, காலடிக்கு அருகே சத்தமில்லாமல் அதை இறக்கினேன். கரையில் காரில் இருந்த அக்கா கை தட்டினாள். அவ்வளவு சந்தோஷத்தை அதற்கு முன் எந்த வேலையும் எனக்குத் தந்ததில்லை.

பிறகு மாமாவும் ஒருவாறு ஓட்டக் கற்றுக்கொண்டார். இறக்கைக்கு அடியில் சின்னக் கேமரா ஒன்றை ஒட்டினார். ஊரைப் படம் பிடிக்கப் போவதாகச் சொல்லி, என்னை விட்டுவிட்டு, இரண்டு வியாபார நண்பர்களோடு விடியற்காலையில் போக ஆரம்பித்தார்.

ஒருநாள் டிசைன் தேடும்போது கம்ப்யூட்டரில் அந்த வீடியோப் படங்கள் இருந்தன. அதில் ஊர் இல்லை. முள்காடு இருந்தது. அங்கே ஒதுங்கிய பெண்கள் இருந்தார்கள். விமானம் தாழ்ந்து வந்ததும் அவர்கள் அரைகுறையாக எழுந்து முந்தானையால் முகத்தை மூடினார்கள். படத்தின் தொடக்கத்தில், விமானத்தை வீசுவதற்கு முன், ஆண்கள் சிரிக்கிற சத்தம். முகத்தை மூடத் தவறிய ஒருத்தியை எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுக்குப் பட்டுநூல் சுற்ற வருகிற அக்கா.

இருந்ததையெல்லாம் அழித்தேன். நண்பர்களின் செல்போன்களுக்குப் போனதை அழிக்க என்னிடம் வழியில்லை. மாமாவிடம் கேட்டேன். அவர் காபி குடித்துக்கொண்டே, “ஊருக்கே தெரிஞ்ச எடம்தானே? வெக்கம் இருந்தா அங்க ஏன் போறாங்க?” என்றார். என் அக்கா, “ஆம்பளைங்க ஏதோ வெளையாடினு இருக்காங்க, நீ ஏன் பேஜார் பண்ற?” என்றாள். அவர் சொன்னதைவிட அவள் சொன்னதுதான் அதிகம் கசந்தது.

நூல் சுற்றும் அக்காவிடம் சொல்லத்தான் வேண்டியிருந்தது. ராட்டையை நிறுத்தாமல் கேட்டாள்.

“என் மூஞ்சி தெரியுதாம்மா?”

“தெரியுதுக்கா.”

அறுந்த நூல் ஒன்றை முடிந்துகொண்டே, “மேல அது சுத்திகினு இருந்தா எந்திரிக்கவும் முடியாது, குந்தவும் முடியாது. கொழந்தைங்க பொம்மைன்னு நெனச்சோம்” என்றாள். பிறகு, “நீதான் அத நல்லா ஓட்டுவியாமே. எங்க தெருவாண்ட எறக்குவியா?” என்று கேட்டாள்.

அடுத்த ஞாயிறு மாலை நானாகவே மாமாவோடு போனேன். அவர் வீசினார். விமானத்தை உயர ஏற்றி, முள்காட்டைத் தாண்டி, காலனிக் கோயிலுக்கு முன்னால் இருந்த வெறும் தரையில் இறக்கினேன். மோதவில்லை, உடையவில்லை. அங்கே பெண்கள் காத்திருந்தார்கள்.

மாமா ஓடினார். அவர்களைப் பார்த்ததும் பாதி வழியில் நின்றுவிட்டார். நூல் சுற்றும் அக்கா விமானத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உரக்கச் சொன்னாள்: “வாங்க சார், வந்து வாங்கினு போங்க. இதுல இன்னா படம் புடிச்சீங்கன்னு எங்க வூட்டு ஆம்பளைங்ககிட்ட சொல்லிட்டு வாங்கினு போங்க.”

அவர் திரும்பி வந்தார். முகம் வேர்த்திருந்தது. “சிக்னல் போயிடுச்சா?” என்று கேட்டார்.

“இல்ல மாமா. எறக்கினேன்.”

அதோடு அந்தக் கடை வேலை போயிற்று. அக்கா வீட்டுக்குப் போவதும் நின்றது. எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று உறவுக்குள் சொல்லி வைத்தார்கள். அதற்குப் பிறகு ரிமோட்டை நான் தொடவில்லை. எனக்கு நன்றாக வந்த ஒன்றையும் அந்த மனிதர் நாறடித்துவிட்டார்.

இப்போது அவர் ஊரில் பெரிய மனிதர். சில வருஷங்களுக்கு முன் அந்தக் காலனிப் பெண்களுக்கு ஒரு கழிப்பறை கட்டிக் கொடுத்தார். வாசலுக்கு மேல் அவர் பெயர், கும்பிட்ட கையோடு அவர் படம். திறப்பு விழாவில் சால்வை போர்த்திக்கொண்டு நின்ற படத்தை அக்கா எனக்கு அனுப்பினாள். ‘இப்பவாவது பாரு’ என்று கீழே எழுதியிருந்தாள். சாப்பாட்டை மூடி வைத்துவிட்டேன்.

போன பொங்கலுக்கு ஆரணி போனபோது நூல் சுற்றும் அக்காவைப் பார்த்தேன். முழங்கால் வலியோடு மெதுவாக நடந்தாள். கழிப்பறை வசதியாக இருக்கிறதா என்று கேட்டேன்.

“நான் அதுக்குள்ள காலே வெக்கலம்மா” என்றாள். “உள்ள எங்கயாவது கேமரா வெச்சிருக்க மாட்டாருன்னு உன்னால சொல்ல முடியுமா?”