வாரத்தில் ஐந்து நாள் எங்கள் அறை

வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணி நெருங்கினால் என் கை தானாகக் கைப்பேசியைத் தேடும். கல்லூரி ஆய்வகத்தில் செடியின் தண்டை மெல்லிய வில்லைகளாகச் சீவிக்கொண்டிருந்தாலும் பாதியில் நிறுத்திவிட்டுப் பார்ப்பேன். வீட்டுக்கார அம்மாவின் வாட்ஸ்அப் செய்தி அந்த நேரத்துக்குத்தான் வரும். தெலுங்கில் ஒரே வரி. நாளைக் காலை ரூம் வேண்டும், பிள்ளைகளே. அதன் பின்னால் கும்பிடும் கைகள் மூன்று.

அது திருப்பதி பேருந்து நிலையத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி, மூன்றாவது மாடிக்கும் மேலே தனியாக நின்ற ஓர் அறை. நானும் நாயுடுபேட்டையிலிருந்து வந்த ஒரு தெலுங்குப் பெண்ணும் அதில் இருந்தோம். இருவரும் எம்.எஸ்சி. தாவரவியல் முதல் ஆண்டு. எங்களுக்குச் சேர்க்கை தாமதமாகக் கிடைத்ததால் விடுதியில் இடம் இல்லை. அறைக்கு வரும்போது அந்த அம்மா ஒரே ஒரு நிபந்தனைதான் சொன்னார்: கூட்டம் அதிகமாக இருக்கும் நாட்களில் மட்டும் ஊருக்குப் போய்விட்டு வர வேண்டும், அறையைப் பக்தர்களுக்கு விடுவார். வருடத்தில் நாலைந்து முறை இருக்கும் என்று நினைத்துத் தலையாட்டினோம். இரண்டாவது மாதத்திலிருந்து எல்லாச் சனி ஞாயிறும் கூட்டம்தான்.

சனிக்கிழமை காலை எங்கள் துணி, புத்தகம், தட்டு, மின் அடுப்பு எல்லாவற்றையும் பீரோவுக்குள் திணித்துப் பூட்டுவோம். பாய், வாளி, மக் மூன்றும் வெளியே இருக்கும். அவை வருகிறவர்களுக்கு. திங்கட்கிழமை திரும்பி வந்தால் அறை முழுக்கச் சந்தன வாசனை அடிக்கும். சுவரோரம் லட்டுத் தூளைத் தேடி எறும்புகள் வரிசை கட்டியிருக்கும். என் பாயில் யாரோ படுத்த ஈரம் காய்ந்திருக்காது. பெருக்கித் துடைத்து, பொருட்களை எடுத்து அடுக்கி முடிக்கும்போது செவ்வாய் ஆகிவிடும். புதன், வியாழன் இரண்டு நாள்தான் அது எங்கள் அறை என்று தோன்றும். வெள்ளிக்கிழமை மறுபடியும் மூன்று மணி வந்துவிடும்.

வேறு அறை பார்க்கலாமே என்று வகுப்பில் கேட்டார்கள். தோழி பார்க்கலாம், நான் பார்க்க முடியாது. இந்த அறை கிடைப்பதற்கு முன்னால் ஒரு வாரம் தெருத்தெருவாக அலைந்திருந்தேன். என்ன படிக்கிறாய் என்று கேட்பதற்கு முன்பே ஒவ்வொரு வீட்டிலும் "மீரு ஏமிட்லு?" என்று கேட்டார்கள். நீங்கள் என்ன ஆட்கள் என்று அர்த்தம். சாதியை மரியாதையாகக் கேட்பது அப்படித்தான். நான் மறைக்காமல் சொன்னேன். சொன்ன மறுநிமிடமே அந்த வீட்டு அறை நேற்றே இன்னொருவருக்குப் பேசி முடிந்ததாக ஆகிவிடும். இந்த அம்மா மட்டும்தான் கேட்கவில்லை. வாரா வாரம் ஊர் பேர் தெரியாதவர்கள் வந்து படுத்துப் போகும் அறையில் யார் இருந்தால் என்ன என்று விட்டிருப்பார்.

முதல் செமஸ்டர் தேர்வு ஒரு திங்கட்கிழமை தொடங்கியது. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமையும் செய்தி வந்தது. நான் புத்தகங்களைச் சுமந்துகொண்டு நகரிக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கும் எங்கள் ஊருக்குப் போனேன். போய்ப் பையைப் பிரித்தால் ஹால் டிக்கெட் இல்லை. கல்லூரி முத்திரை வாங்கி, பத்திரமாக இருக்கட்டும் என்று பீரோவில் வைத்தது நினைவுக்கு வந்தது. திங்கட்கிழமை காலையில் வந்து எடுக்கலாம், ஆனால் பஸ் தாமதமானால் என்ன செய்வது? இருப்புக் கொள்ளவில்லை. ஞாயிறு காலை முதல் பஸ்ஸிலேயே கிளம்பிவிட்டேன்.

என் அறைக் கதவை நானே தட்டினேன். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய ஒரு பெண் திறந்தார். முப்பது வயது இருக்கும். தமிழில் பேசினார்.

"பெருக்க வந்தியாம்மா? அப்புறமா வாயேன். கொழந்த இப்பத்தான் தூங்குது."

"இல்லீங்க. பீரோல ஒரு பேப்பர் எடுக்கணும். இது எங்க ரூமு."

அவருக்குப் புரியவில்லை. நான் சாவியைக் காட்டிய பிறகுதான் வழி விட்டார். என் பாயில் ஒரு சின்னக் குழந்தை மொட்டைத் தலையோடு தூங்கிக்கொண்டிருந்தது. கொடியில் அவர்களுடைய ஈரத் துண்டுகள் தொங்கின. நான் பீரோவைத் திறந்ததும் திணித்து வைத்திருந்த துணி மூட்டையும் இரண்டு தட்டுகளும் காலடியில் சரிந்தன. அவர் குனிந்து தட்டுகளை எடுத்துக் கொடுத்தார்.

"நீங்க இங்கயேவா இருக்கீங்க?"

"ஆமாங்க. ரெண்டு பேரு. படிக்கிறோம்."

"நாங்க இருக்கறதால நீங்க வெளியில இருக்கீங்களா?"

நான் குனிந்து ஹால் டிக்கெட்டைத் தேடினேன். ரெக்கார்டு நோட்டுக்குள் இருந்தது.

"பரீட்சை எப்போ?"

"நாளைக்கு."

அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "லாட்ஜுன்னுதான் ஆன்லைன்ல போட்டிருந்தாங்க. தப்பா நெனச்சிக்காதம்மா. உக்காரு, ஒரு வாய் டீயாவது குடி" என்று என் பாயின் ஓரத்தைக் காட்டினார். நான் உட்காரவில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் என் பாயில் உட்காரச் சொல்லி இன்னொருவர் உபசரித்தபோது அங்கிருந்து ஓட வேண்டும் போல இருந்தது. லட்டில் பாதியைக் காகிதத்தில் சுற்றிக் கையில் திணித்து அனுப்பினார்.

தேர்வுகள் நடந்துகொண்டிருந்தபோது வீட்டுக்கார அம்மா என்னைக் கீழே கூப்பிட்டார். கைப்பேசியை நீட்டி, "உனக்குத் தமிழ் வருமே, இதைப் படித்துச் சொல்" என்றார். அறையைப் பதிவு செய்யும் தளத்தில் யாரோ ஒரே ஒரு நட்சத்திரம் போட்டுத் தமிழில் எழுதியிருந்தார்கள். படிக்கிற பெண் பிள்ளைகளைப் பரீட்சை நேரத்தில் வெளியே அனுப்பிவிட்டு இந்த அறையைத் தருகிறார்கள், தங்கினோமே என்று மனசு கஷ்டமாகிவிட்டது, யாரும் போகாதீர்கள் என்று இருந்தது.

நிமிர்ந்து, தெலுங்கில், "தண்ணீர் சரியாக வரவில்லையாம், ஆண்ட்டி. அதுதான் எழுதியிருக்கிறார்கள்" என்றேன். அவர் பிளம்பரைத் திட்டிக்கொண்டே உள்ளே போனார்.

அது மூன்று நாள் தாங்கியது. பிறகு யாரோ அவருக்குக் கைப்பேசியிலேயே மொழிபெயர்த்துப் பார்க்கக் கற்றுக்கொடுத்துவிட்டார்கள். மாடிக்கு ஏறி வந்து மூச்சு வாங்க நின்றார். "எழுதினவளைக்கூட மன்னித்துவிடுவேன். நீ என் முகத்தைப் பார்த்துப் பொய் படித்தாய் அல்லவா? தேர்வு முடிந்ததும் காலி செய்துவிடுங்கள்" என்றார். அதில் நியாயமும் இருந்தது.

தோழி இரண்டே நாளில் வேறு வீடு கண்டுபிடித்தாள். அதுவும் நகரின் நடுவில்தான், ஒரு ஓய்வு பெற்ற ஆசிரியையின் வீட்டில் பின்கட்டு அறை. ஜன்னலுக்கு வெளியே கறிவேப்பிலைச் செடி. வார இறுதியில் யாரும் வர மாட்டார்கள். பார்க்கப் போன அன்று அந்த ஆசிரியை தோழியைப் பற்றி எல்லாம் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, என்ன ஆட்கள் என்ற அதே கேள்வியைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் தோழி முந்திக்கொண்டாள்.

"மா பின்னி கூதுரண்டி." என் சித்தி பெண் என்றாள். தமிழ்நாட்டு எல்லையில் வளர்ந்ததால் தெலுங்கு கொஞ்சம் அப்படி இப்படி வரும் என்றும் சேர்த்துச் சொன்னாள். ஆசிரியை சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுத்தார்.

தெருவுக்கு வந்ததும், "ஏன் அப்படிச் சொன்னாய்?" என்று கேட்டேன்.

"பின்னே, மறுபடியும் ஒரு வாரம் அலைவாயா?" என்றாள். அவள் சொன்னது எனக்காகத்தான். நானும் மறுக்கவில்லை.

பழைய அறையில் சனி ஞாயிறு மட்டும்தான் நிம்மதி இல்லை. இங்கே வாரம் முழுக்க இல்லை. ஆசிரியை அன்பானவர். பொங்கல் செய்தால் கிண்ணத்தில் கொண்டுவருவார். உட்கார்ந்து, உங்கள் அம்மாவும் அவள் அம்மாவும் அக்கா தங்கையா, யார் மூத்தவர் என்று விசாரிப்பார். நான் ஒரு பதில் சொல்லி, தோழி இன்னொன்று சொல்லிவிடுவாளோ என்று அவள் முகத்தையே பார்ப்பேன். வீட்டோடு கைப்பேசியில் பேசத் தெருமுனைக்குப் போய்விடுவேன். அறையில் நடந்துகொண்டே படித்தேன். ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

மாங்காய்க் காலத்தில் என் அப்பா பங்காருபாளையம் மண்டியில் லோடு ஏற்றும் வேலைக்குப் போவார். அந்த வருடம் ஒரு பெட்டிப் பழத்தை எடுத்துக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் திருப்பதி பேருந்து நிலையத்தில் வந்து இறங்கிக் கூப்பிட்டார். நான் ஓடினேன்.

"துன்னியாமா? இன்னா இப்டி எளச்சிட்ட?" என்றார். பெட்டியைத் தோளுக்கு ஏற்றினார். "நட, ரூமாண்ட போலாம்."

"வேணாம் நைனா. குடு, நானே எடுத்துக்கினு போறேன்."

"இவ்ளோ வெயிட்ட நீ தூக்குவியா?"

"ஆட்டோல போய்க்கிறேன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் பஸ்களைப் பார்த்தேன். அவர் பெட்டியை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, "வாசல்ல வெச்சிட்டு அப்டியே வந்துடறேம்மா. தண்ணிகூட கேக்கமாட்டேன்" என்றார்.

அங்கேயே, நாயுடுபேட்டை பஸ் நிற்கும் இடத்தில் நின்றபடி, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். பெட்டியைக் கீழே வைத்து, துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பரீட்சை எப்போ முடியுது?"

"இன்னும் பத்து நாளு."

"முடிச்சிட்டு வா. எத்தினி நாளு சித்தி பொண்ணா இருப்ப? பஸ்ஸுல வந்து போயிக்கினு படி."

ஆட்டோவில் பெட்டியை ஏற்றிவிட்டு, வந்த வழியே போய்விட்டார். பழம் நன்றாக இருக்கிறது என்று ஆசிரியை மூன்று சாப்பிட்டார். யார் அனுப்பியது என்று கேட்டபோது, "என் நைனா" என்றேன். அந்த வீட்டில் நான் சொன்ன முதல் உண்மை அது.

கடைசித் தேர்வு முடிந்த அன்று பையைக் கட்டினேன். தோழிக்குக் கோபம். "உனக்காகத்தானே சொன்னேன்?" என்றாள். "தெரியும்" என்றேன். சாவியைக் கொடுக்கப் போனபோது ஆசிரியையிடம் நான் அவளுடைய சித்தி பெண் இல்லை என்றும், நாங்கள் என்ன ஆட்கள் என்றும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"முதலிலேயே சொல்லியிருக்கலாமே, அம்மா" என்றார்.

சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இரண்டாம் ஆண்டு முழுவதும் ஊரிலிருந்து பஸ்ஸில் போய் வந்தேன். போக ஒன்றரை மணி நேரம், வர இரண்டு மணி நேரம். ஜன்னலோரம் இடம் கிடைத்தால் படிப்பேன், கிடைக்காவிட்டால் நின்றபடி தூங்குவேன். வகுப்பில் எனக்குப் பக்கத்தில் உட்காருவதைத் தோழி நிறுத்தவில்லை. இப்போது நான் சித்தூரில் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். அவள் நாயுடுபேட்டையில் ஒரு தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறாள். மாதம் ஒரு முறையாவது கூப்பிடுவாள். வேலை, சம்பளம், அவள் மாமியார் என்று எதையெதையோ பேசுவோம். அந்த ஆசிரியை வீட்டைப் பற்றி மட்டும் இதுவரை இருவரும் பேசியதில்லை.